பின்னால் உட்கார்ந்து பேசுகிறவன்

அடுத்தவர் பட்ட பாட்டைப் பற்றிப் பேச யாருக்கு உரிமை இருக்கு? இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்கு இது பழைய கேள்வி. வழக்கமாக ரெண்டு பதில் வரும். பட்டவன்தான் பேசணும், மத்தவன் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கணும் என்பது ஒன்று. மனுசன் மனுசனுக்காகப் பேசலாம், இதுல என்ன உரிமை கிரிமை என்பது இன்னொன்று. முதல் பதிலில் நியாயம் இருக்கிறது. ஆனால் பட்டவன் வாய் திறக்கு முன்பே வேலையிலேயே செத்துப் போனால் என்ன செய்வது என்பதற்கு அதில் வழி இல்லை. இரண்டாவதில் தாராளம் இருக்கிறது. ஆனால் காலங்காலமாகப் பேசிக்கொண்டிருந்தவர்களே இனியும் பேசிக்கொண்டிருக்கலாம் என்கிற சௌகரியமும் அந்தத் தாராளத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

இதைச் சித்தாந்தமாகவே பேசிக்கொண்டிருந்தால் முடிவுக்கு வர முடியாது. ஒரு உதாரணத்தை எடுத்து வச்சுக்கிட்டு, அதை உரசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நான் எடுத்துக்கொள்வது ஒரு இத்தாலிய இசைத்தட்டு. 1975இல் ரிக்கோர்தி நிறுவனம் வெளியிட்டது. தட்டின் பெயரும் குழுவின் பெயரும் ஒன்றுதான்: நாப்போலி சென்த்ராலே. அது நேப்பிள்ஸ் நகரத்துப் பெரிய ரயில் நிலையத்தின் பெயர். தெற்கு இத்தாலியின் ஏழைச் சனம் மூட்டை முடிச்சோடு மிலானுக்கும் தூரினுக்கும், அதைத் தாண்டி ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் கூலி வேலைக்குப் போக ரயிலேறிய இடம்.

ஜாஸும் ராக்கும் கலந்த இசை என்றதும் மைல்ஸ் டேவிஸ், வெதர் ரிப்போர்ட் என்று அடுக்குகிறவர்கள் இந்தத் தட்டைச் சொல்வது அபூர்வம். இத்தாலிக்குள் இதற்குப் பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயரும் ஒரு ஆளோடு நின்றுவிடுகிறது. முன்னால் நின்று சாக்ஸபோன் ஊதிப் பாடுகிற ஜேம்ஸ் செனேசேயின் குழு அது, பின்னாளில் பெரிய பாடகரான பினோ டானியேலே இளம் வயதில் பாஸ் கிதார் வாசித்த குழு அது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். குழுவைத் தொடங்கியவர்கள் ரெண்டு பேர். இன்னொருவர் பின்னால் டிரம் செட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஃபிராங்கோ டெல் ப்ரெத்தே. பாட்டுகளின் சொற்கள் அவருடையவை. தாளமும் அவருடையது, வார்த்தையும் அவருடையது. முகம் மட்டும் செனேசேயுடையது. என் கேள்விக்கு இந்தத் தட்டு தோதாக இருப்பது இதனால்தான்.

முதலில் அந்த முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1943 செப்டம்பர் கடைசியில் நேப்பிள்ஸ் மக்கள் நாலு நாள் தெருவில் சண்டை போட்டு ஜெர்மன் படையை விரட்டினார்கள். அக்டோபர் 1இல் நேச நாட்டுப் படைகள் உள்ளே வந்தன. அமெரிக்கப் படையில் கறுப்புச் சிப்பாய்களும் இருந்தார்கள். வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து சாப்பிடக்கூட விடாமல் தனிப் பிரிவாக வைக்கப்பட்டிருந்தவர்கள். ஊரில் பசி. அந்தப் பசிக்கும் போருக்கும் நடுவில் காதலும் நடந்தது, வியாபாரமும் நடந்தது, பலவந்தமும் நடந்தது. கறுப்புத் தோலோடு குழந்தைகள் பிறந்தன. 1945 ஜனவரியில், நகரின் வடக்கு விளிம்பில் இருக்கிற மியானோவில் அப்படிப் பிறந்தவர்தான் செனேசே. தகப்பன் சின்ன வயசிலேயே அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனார். அப்புறம் வரவில்லை.

அந்தக் குழந்தைகளைப் பற்றி ஒரு பாட்டு 1944இலேயே வந்துவிட்டது: 'தம்முர்ரியாத்தா நேரா'. கறுப்புத் தம்முர்ரியாத்தா என்று அர்த்தம். தம்முர்ரியாத்தா என்பது கம்பானியாக் குடியானவர்கள் தோல் கட்டிய வட்டப் பறையான தம்மோர்ராவைத் தட்டிக்கொண்டு ஆடிப் பாடுகிற ஒரு வகை. சொற்களை எழுதியவர் எதுவார்தோ நிக்கொலார்தி, ஒரு மருத்துவமனையின் நிர்வாகத்தில் இருந்தவர். மெட்டமைத்தவர் எ. ஆ. மாரியோ. ஒரு பெண்ணுக்குக் கறுப்பாகப் பிள்ளை பிறந்துவிட்டது, இது எப்படி ஆச்சு என்று ஊர் வாய் பேசுவதுதான் விசயம். இரக்கம் இருக்கிறது, கேலியும் இருக்கிறது. எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாதபடி கலந்து இருக்கிறது. முப்பது வருசம் கழித்து, 1974இல், நுவோவா கொம்பாஞ்ஞியா தி காந்த்தோ பொப்போலாரே என்ற நாட்டுப்புற இசைக் குழு அதைத் திரும்பப் பாடி நாடு முழுக்கப் பிரபலமாக்கியது.

அடுத்த வருசமே செனேசேயின் சத்தம் தட்டில் வருகிறது. பாட்டில் ஊர் வேடிக்கை பார்த்த அந்தக் குழந்தைகளில் ஒன்று முப்பது வயது ஆம்பளையாகி, சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறது. இதுவரை அது பேசப்பட்டது. இப்போது அதுவே பேசப்போகிறது. இங்கே நம்மைப் போன்றவர்கள் என்ன எதிர்பார்ப்போம்? தன் கதையைச் சொல்லும், தோலைப் பற்றி, தகப்பனைப் பற்றி, தெருவில் பட்ட ஏச்சைப் பற்றிப் பாடும் என்றுதானே?

தட்டின் முதுகெலும்பு அதுவல்ல. அவர் பாடுவது பெரும்பாலும் வயக்காட்டுக் கூலிகளை. வேலை தேடி ஊரை விட்டுப் போனவர்களை. போனவர்கள் விட்டுப் போன ஊர்களை. 'கம்பாஞ்ஞா' என்கிற பாட்டு, நாட்டுப்புறம் அழகாத்தான் இருக்கு, ஆனால் யாருக்கு என்று கேட்கிறது. அறுவடைக் காசில் பை நிரம்புகிற பண்ணைக்காரனுக்கும் அவன் வீட்டுச் சீமாட்டிக்கும் அழகு. ஒரு வாய் ரொட்டிக்காகக் குனிந்து கொத்துகிறவனுக்கு அதில் அழகு எங்கே என்பதுதான் அதன் சாரம். இன்னொரு பாட்டின் தலைப்பே ஒரு கணக்கெடுப்பு: கிழடுகள், பெண்டாட்டிமார், செத்தவர்கள், சின்னப் பிள்ளைகள். வேலை செய்ய முடிகிற ஆம்பளைகள் எல்லாரும் ரயிலேறிப் போன ஊரில் மிச்சம் இருப்பது இவ்வளவுதான். சுடுகாட்டுக்காரர்களையும் ஊர்த் தொகையில் சேர்த்துக்கொள்ளும் அந்தக் கணக்கு எந்தச் சர்க்கார் பதிவேட்டிலும் வராது. மற்றொரு பாட்டு பூச்சானோவின் சனங்களைப் பற்றி. தபுர்னோ மலையடிவாரத்துச் சின்ன ஊர் அது. சூரியனும் கடலும் மாண்டலினுமாகப் பாடிப் பழகின நேப்பிள்ஸ் பாட்டு மரபில் அப்படி ஒரு ஊருக்கு என்ன இடம் இருந்திருக்கும்?

இந்தச் சொற்களை எழுதிய டெல் ப்ரெத்தே 1943இல் ஃப்ரத்தாமஜ்ஜோரேயில் பிறந்தவர். நேப்பிள்ஸுக்கு வடக்கே இருக்கிற ஊர். சணல் வேலைக்குப் பேர் போனது. அந்தச் சணலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அழுக விட்டு, நாற்றத்தில் நின்றுகொண்டு நாரைப் பிரிக்க வேண்டும். அடித்துச் சீவித்தான் கயிறும் துணியும் ஆகும். செயற்கை நூல் வந்ததும் அந்தத் தொழில் செத்தது. சுற்றியிருக்கிற சமவெளிக்குப் பழைய பெயர் தெர்ரா தி லவோரோ. அந்தப் பெயருக்கு வேர் வேறு என்று அறிஞர்கள் சொல்வதுண்டு. ஆனால் இத்தாலியன் தெரிந்தவன் காதில் விழுவது ‘உழைப்பின் நிலம்’ என்றுதான்.

அங்கே நிலமில்லாத கூலிக்கு ஒரு பெயர் உண்டு: பிராச்சாந்தே. கை என்று அர்த்தமாகும் ஒரு சொல்லிலிருந்து பிறந்த பெயர். நிலம் இல்லை, மாடு இல்லை, ஏர் இல்லை. விற்பதற்கு இருப்பது ரெண்டு கை. ஆகவே அவன் பெயரே கை. விடியுமுன் சந்தைத் திடலில் வந்து நிற்பான். கங்காணி வந்து, உடம்பைப் பார்த்து, நீ வா, நீ போ என்று பொறுக்குவான். கூலியில் ஒரு பங்கு கங்காணிக்கு. இந்த ஏற்பாட்டுக்கு அங்கே கப்போராலாத்தோ என்று பெயர்.

டெல் ப்ரெத்தே இதையெல்லாம் எழுதிய காலத்தை மறக்கக் கூடாது. 1968 டிசம்பர் 2இல், சிசிலியில் ஆவொலா என்ற ஊரில் பிராச்சாந்திகள் வேலைநிறுத்தம் செய்து சாலையை மறித்தார்கள். ஒரே மாவட்டத்துக்குள் ஒரு வட்டாரத்துக்கு ஒரு கூலி, இன்னொரு வட்டாரத்துக்குக் குறைச்சல் கூலி என்று இருந்ததை எடுக்கச் சொன்னார்கள். போலீஸ் சுட்டது. ஜுசெப்பே ஷிபீலியா, ஆஞ்செலோ சிகோனா என்ற ரெண்டு கூலிகள் செத்தார்கள். நாலு மாசம் கழித்து, 1969 ஏப்ரல் 9இல், டெல் ப்ரெத்தேயின் கம்பானியாவிலேயே பத்திபாலியாவில், ஆலைகள் மூடப்படுவதை எதிர்த்து ஊரே தெருவுக்கு வந்தது. அங்கும் போலீஸ் சுட்டது. அங்கும் ரெண்டு சாவு.

இப்போது உரசிப் பார்க்கலாம். பட்டவன்தான் பேசணும் என்கிற அளவுகோலை இந்தத் தட்டின் மேல் வைத்தால் என்ன ஆகிறது? வயக்காட்டுப் பாட்டுகளைப் பாடுகிற செனேசே நகர விளிம்பில் வளர்ந்தவர். மண்ணில் பிறந்தவனுக்குத்தான் மண்ணின் சொல் சொந்தம் என்றால் அவருக்கு அந்தச் சொற்களில் உரிமை இல்லை. சரி, டெல் ப்ரெத்தே? மண் அவருக்கு அண்டை. ஆனால் அவர் வாசிக்கிற தாளம் அமெரிக்கக் கறுப்பர்களுடையது. ரத்தம்தான் உரிமை தரும் என்றால் அவருக்கு அந்தத் தாளத்தில் உரிமை இல்லை. ஒருவர் மற்றவரிடமிருந்து சொல்லை வாங்கியிருக்கிறார். இன்னொருவர் தனக்குச் சொந்தமில்லாத சனத்திடமிருந்து தாளத்தை வாங்கியிருக்கிறார். ரெண்டு பேரையும் தனித்தனியாக நிறுத்தினால் ரெண்டு பேரும் தோற்றுப்போவார்கள்.

செனேசேக்கு ரத்தத்தின் வழியாக ஜாஸ் வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. தகப்பன் அவருக்கு விட்டுப் போனது தோலின் நிறத்தை மட்டும்தான். ஜான் கோல்ட்ரேனைக் கேட்டுக் கேட்டு, ஊதி ஊதி, நடனக் கூடங்களில் கூலிக்கு வாசித்து அவர் சம்பாதித்ததுதான் அந்த இசை. டெல் ப்ரெத்தேயும் அப்படித்தான். 1960களில் ரெண்டு பேரும் த ஷோமென் என்ற குழுவில் மேடை மேடையாக வாசித்தார்கள். அதில் பாடிய மாரியோ முசெல்லாவும் ஒரு அமெரிக்கச் சிப்பாயின் பிள்ளை. 1968இல் அவர்கள் பாடிய ஒரு பழைய காதல் பாட்டு நாடு முழுக்கப் பிரபலம் ஆனது. முசெல்லா 1979இல் செத்தார். 1980இல் பினோ டானியேலே தன் 'நேரோ ஆ மெத்தா' தட்டை அவருக்குச் சமர்ப்பணம் செய்தார். ‘பாதிக் கறுப்பு’ என்று அர்த்தம். ரத்தம் இவர்களுக்குக் கொடுத்தது ஒரு பட்டப்பெயர். வித்தை கொடுத்தது உழைப்பு. பிறப்பால் கலை வருகிறது என்று சொல்வது, பிறப்பால் தொழில் வருகிறது என்று சொல்வதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. புகழ்ச்சி மாதிரி இருப்பதாலேயே அதை ஒத்துக்கொண்டுவிடக் கூடாது.

தாளத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோவில் அடிமைகள் கலகம் செய்தார்கள், கொட்டடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருசமே அடிமைகள் கொட்டு வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்தது. கொட்டுக்கு அவ்வளவு பயந்தார்கள். பிறகு நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் வாத்தியக் கோஷ்டிகளில் ஒருவர் பெரிய டிரம், ஒருவர் சின்ன டிரம், ஒருவர் ஜால்ரா என்று அடித்ததை, உட்கார்ந்த இடத்தில் ரெண்டு கை ரெண்டு கால் கொண்டு ஒரே ஆள் அடிக்கிற மாதிரி சேர்த்துக் கட்டினார்கள். டிரம் செட் என்பது இதுதான். இடமும் மிச்சம், கூலியும் மிச்சம். மூணு ஆள் வேலையை ஒரு ஆள் செய்கிறான். ஆனாலும் பாட்டுக்கு உரிமைத்தொகை என்று வரும்போது மெட்டுப் போட்டவனுக்கு உண்டு, சொல் எழுதினவனுக்கு உண்டு. தாளம் பிடிச்சவனுக்கு வழக்கமாக இல்லை. 

டிரம்காரர்கள் முன்னின்று நடத்திய தட்டுகள் வேறு உண்டு. 1960இல் மேக்ஸ் ரோச் 'வீ இன்சிஸ்ட்!' என்ற தட்டைக் கொண்டுவந்தார். அதன் முதல் பாட்டே அடிமைகளை மேய்க்கிற கங்காணியைப் பற்றியது. சொல் ஆஸ்கர் பிரவுன் ஜூனியர், குரல் ஆபி லிங்கன், தாளம் ரோச். அங்கும் சாட்சியம் ஒரு ஆளின் வாயிலிருந்து மட்டும் வரவில்லை. பல பேர் கையில் பிரிந்து இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கிறது. கம்பானியாக் குடியானவனுக்குத் தம்மோர்ரா இருக்கிறது, தம்முர்ரியாத்தா இருக்கிறது. அவன் கஷ்டத்தைச் சொல்ல எதுக்கு ஃபெண்டர் ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோ? ஆங்கிலம் பேசும் நாடுகளிலிருந்து வந்த மார்க் ஹாரிஸ் கீபோர்டிலும் டோனி வால்ம்ஸ்லி பாஸிலும் உட்கார்ந்திருக்க, அமெரிக்க இசையில் பிராச்சாந்தேயைப் பாடுவது யாருக்காக? அதே ஊர்ப்பக்கம் இன்னொரு வழியும் இருந்தது. 1974இல் பொமில்யானோ தார்க்கோவில் கார் ஆலைத் தொழிலாளர்கள் சேர்ந்து 'ஏ சேசி என்று ஒரு குழு கட்டினார்கள். தொழிலாளிகளே தம்மோர்ராவைக் கையில் எடுத்துத் தங்கள் பாட்டைத் தாங்களே பாடினார்கள். 1975 ஏப்ரலில் சாந்தா அனஸ்தாசியாவில் விளையாட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டா செய்கிற ஒரு ஆலை வெடித்து 12 தொழிலாளர்கள் செத்தபோது அந்தச் சாவுகளுக்கு அவர்கள் பாட்டுக் கட்டினார்கள். இதற்கு மேல் நேரான சாட்சியம் கிடையாது. உரிமைக் கேள்வியே அங்கே எழாது.

'ஏ சேசி பக்கத்தில் வைத்தால் நாப்போலி சென்த்ராலே கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். குடியானவனைப் பற்றிப் பேசினால் குடியானவனின் வாத்தியத்தில்தான் பேசணும் என்று படித்தவர்கள் சொல்லும்போது எனக்குச் சந்தேகம் வரும். அவன் 1975இல் ரயிலேறி தூரினில் கார் ஆலைக்குப் போகிறான். இரைச்சலில் எட்டு மணி நேரம் நிற்கிறான். அவன் காதில் இயந்திரம் இருக்கிறது. அவனைப் பற்றிய பாட்டில் மட்டும் இயந்திரச் சத்தம் வரக் கூடாதா? அவனை அறுவடைச் சித்திரத்துக்குள்ளேயே நிறுத்தி வைக்கிற அன்பும் ஒரு வகைக் காவல்தான். இந்தத் தட்டில் பாஸும் பியானோவும் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப இழுக்கும். சாக்ஸபோன் அதன் மேல் கத்தும். டிரம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டுச் சொல் கொஞ்சம், வாத்தியம் நிறைய. சொல் முடிந்த பிறகும் வேலை முடியாமல் நடந்துகொண்டிருக்கிற மாதிரி எனக்குக் கேட்கிறது.

ஆக, பட்டவன் மட்டும்தான் பேசணும் என்கிற அளவுகோல் இந்தத் தட்டைத் தள்ளிவிடும். யார் வேணா பேசலாம் என்கிற அளவுகோல் இதற்கும் ஒரு மேட்டிமைக்காரன் எழுதும் இரக்கக் கவிதைக்கும் வித்தியாசம் காணாது. ரெண்டுமே போதவில்லை. அப்போ இதைச் சரி என்று எனக்குப் பட வைப்பது எது?

முதலாவது, மொழி. டெல் ப்ரெத்தே எழுதியது பள்ளிக்கூட இத்தாலியனில் அல்ல. நேப்பிள்ஸ் பேச்சில், அதிலும் மேடைப் பாட்டின் மெருகு போட்ட பேச்சில் அல்ல. படிக்கிறவன் சௌகரியத்துக்காகக் கூலியின் வாயைக் கழுவிவிடவில்லை. இரண்டாவது, ஆறுதல் இல்லை. ஓநாய் ஆட்டுக்குட்டியைத் தின்னுடுச்சு என்று ஒரு பாட்டுக்குத் தலைப்பு. அங்கே தலைப்பிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. குட்டியைக் காப்பாற்ற யாரும் வரவில்லை. கேட்கிறவனுக்கு இரக்கப்பட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நல்லவனாக வீடு போக வழி வைக்கவில்லை. மூன்றாவது, இருக்கை. சொல்லை எழுதினவன் அந்தச் சொல்லை வைத்து முன்னால் வந்து நிற்கவில்லை. தன் தோலில் வேறொரு காயம் இருக்கிற ஒரு ஆளின் தொண்டைக்கு அதைக் கொடுத்துவிட்டு, பின்னால் உட்கார்ந்து, அந்தத் தொண்டை தடுமாறாமல் இருக்கத் தாளம் பிடித்தான். மேடை விளக்கு அவன் மேல் விழவில்லை.

இந்த மூன்றாவதைத்தான் நான் அறக் கேள்வியாகப் பார்க்கிறேன். அடுத்தவர் பாட்டைப் பேசுகிறவன் எங்கே நிற்கிறான்? பேச்சின் பலன், கைத்தட்டல், பேர், பரிசு இதெல்லாம் யாரிடம் போய்ச் சேருகிறது? நல்ல மனசா கெட்ட மனசா என்று மனசைத் தோண்டிப் பார்ப்பதைவிட இது லேசாகக் கண்டுபிடிக்கக்கூடிய விசயம். இருக்கையைப் பார்த்தால் போதும்.

இதே குழுவின் வேறொரு பாட்டின் தலைப்பைத் தமிழில் போட்டால் 'போனோம், வந்தோம்' என்று வரும். நம் மொழியில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம், நாங்கள் என்று நமக்கு ரெண்டு சொல். கேட்கிறவனைச் சேர்த்துக்கொண்டால் நாம்; வெளியே நிறுத்தினால் நாங்கள். நேப்பிள்ஸ் பேச்சில் இந்த வித்தியாசம் கிடையாது. ஆனால் தமிழ் வினைமுற்றும் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. 'போனோம்' என்றால் நாம் போனோமா, நாங்கள் போனோமா? எழுவாயைப் போட்டால்தான் தெரியும். எழுவாயைப் போடாத வரைக்கும் கதவு பாதி திறந்திருக்கிறது. ரயிலேறிப் போனவர்களில் டெல் ப்ரெத்தே இல்லை. ஆனாலும் அந்த விகுதிக்குள் அவர் இருக்கிறாரா? எதன் பேரில் இருக்கிறார்? நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: 'நாம்' என்று சொல்ல ஒருவனுக்கு உரிமை வருவது அவன் சொல்லும் தருணத்தில் அல்ல. பின்னாடி வருகிறவர்கள் அந்தச் சொல்லுக்குள் நுழைய இடம் விட்டானா என்பதில்தான் அது தெரியும்.

பின்னாடி வந்தவர்கள் யார்? அந்தச் சமவெளியில் இப்போது குனிந்து தக்காளி பொறுக்குகிறவர்களில் ஃப்ரத்தாமஜ்ஜோரேக்காரர்களையும் பூச்சானோக்காரர்களையும்விட அயல்நாட்டுக்காரர்களைத்தான் அதிகம் பார்க்கலாம். 1989 ஆகஸ்டில், அதே பக்கத்தில், வில்லா லித்தெர்னோவில் ஜெர்ரி மஸ்லோ கொல்லப்பட்டார். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசிடமிருந்து தப்பி வந்தவர். அகதி என்று இத்தாலி அவரை ஏற்கவில்லை, ஏனென்றால் அப்போது ஐரோப்பாவிலிருந்து வந்தவன்தான் அங்கே அகதி. தக்காளி பொறுக்கிவிட்டு ராத்திரி கொட்டகையில் படுத்திருந்தவரைக் கொள்ளையடிக்க வந்தவர்கள் சுட்டார்கள். 2010 ஜனவரியில் கலாப்ரியாவின் ரொசார்னோவில், ஆரஞ்சு பறிக்கிற ஆப்பிரிக்கர்களை விளையாட்டுக்குச் சுடுகிற மாதிரி சுட்டபோது அவர்கள் கலகம் செய்தார்கள்.

2024 ஜூனில் ரோமுக்குத் தெற்கே லத்தினா மாவட்டத்தில் சத்னாம் சிங். பஞ்சாபிலிருந்து போனவர், 31 வயது, ஒப்பந்தம் கிடையாது. பண்ணை இயந்திரத்தில் கை துண்டானது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் அவரை வீட்டு வாசலில் இறக்கிப் போட்டார்கள். துண்டான கையைப் பழக்கூடையில் வைத்துவிட்டுப் போனார்கள். ரெண்டு நாளில் செத்தார். பிராச்சாந்தே என்ற சொல்லுக்கு அர்த்தம் கைக்காரன் என்று மேலே சொன்னேன். அந்த ஒரு கைக்குத்தான் அவர்கள் கூலி கொடுத்தார்கள். கை போனதும் மிச்சத்தை வாசலில் போட்டுவிட்டார்கள்.

1975இல் எழுதின பாட்டுக்குள் இவர்கள் வருகிறார்களா? நான் கேட்கும்போது வருகிறார்கள். பாடுகிற தொண்டை ஒரு கறுப்புச் சிப்பாயின் பிள்ளையுடையது என்பதால் மட்டும் அல்ல. அந்த வயக்காட்டுப் பாட்டில் பண்ணைக்காரனுக்கும் கொத்துகிறவனுக்கும் ஊர் பேர் இல்லை; தோல் இல்லை. மண் யாருடையது, முதுகு யாருடையது என்கிற கேள்வி மட்டும் இருக்கிறது. அதனால் அம்பது வருசம் கழித்து வேறொருவன் அங்கே வந்து குனியும்போது பாட்டு அவனுக்கும் பொருந்துகிறது. இது பாட்டுக்குப் பெருமைதான். அந்த நாட்டுக்குப் பெருமை இல்லை.

ஆனால் பாட்டு பொருந்துகிறது என்பதால் பாட்டே போதும் என்று ஆகிவிடாது. 2011 கோடையில் தெற்கே நார்தோவில், தர்ப்பூசணியும் தக்காளியும் பறிக்கிற ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் கங்காணிகளை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றவர் இவான் சாஞ்ஞே, காமரூனிலிருந்து தூரினுக்குப் படிக்கப் போய், காசுக்காக வயலுக்கு வந்தவர். அவர் தானே பேசினார், தானே எழுதினார். கங்காணி முறை அங்கே குற்றச் சட்டத்துக்குள் வந்தது அதே வருசம்; 2016இல் இன்னொரு சட்டம் வந்து பண்ணைக்காரனையும் சேர்த்துப் பிடித்தது. பட்டவன் இப்படி வாய் திறக்கும்போது, அவனுக்காக இதுவரை பேசினவன் என்ன செய்யணும்? நகர்ந்து பின்னால் போய் உட்கார்ந்து தாளம் பிடிக்கணும். டெல் ப்ரெத்தேக்கு அந்த நகர்தல் தேவைப்படவில்லை. அவர் ஏற்கனவே அங்கேதான் இருந்தார்.

இதை இப்படியே நிறுத்தினால் ஆபத்து. பின்னால் உட்காருவதே அறம் என்று நான் சொல்கிறதாக எடுத்துக்கொண்டு, ஏற்கனவே பின்னால் தள்ளப்பட்டவர்களிடம் போய், பாத்தியா, பின்னால் இருப்பதுதான் உசத்தி, அங்கேயே இரு என்று சொல்ல ஆள் வருவான். அடக்கத்தைப் பற்றிய உபதேசம் எப்போதும் கீழ்நோக்கித்தான் பாய்ந்திருக்கிறது. நான் சொல்வது சொல் கையில் இருக்கிறவனுக்கு. அச்சுக்குப் போகிற வழி தெரிந்தவனுக்கு, மேடை கிடைக்கிறவனுக்கு. மைக்கே கிடைக்காதவன் பின்னால் உட்காருவது தியாகம் அல்ல. அது அவனுக்கு நடந்த அநியாயம். ரெண்டும் வெளிப்பார்வைக்கு ஒரே இருக்கை. ஒன்றை ஒருவன் எடுத்துக்கொள்கிறான், மற்றதில் ஒருவனை உட்கார வைத்துவிடுகிறார்கள்.

டெல் ப்ரெத்தேயின் விசயத்திலேயே இந்த ரெண்டும் கலந்து இருக்கிறது. அவர் சொல்லைத் தோழனுக்குக் கொடுத்தார். அது அவர் எடுத்த முடிவு. அவர் பெயர் பேச்சிலிருந்து நழுவிப்போனது அவர் எடுத்த முடிவு அல்ல. கேட்கிறவர்களாகிய நாம் செய்தது. முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்கிற பழக்கம் நமக்கு. யார் பாடினது என்று கேட்போம். யார் எழுதினது, யார் தட்டினது என்று கேட்க மாட்டோம். தக்காளி யார் விற்றது என்று கேட்போம், யார் பொறுக்கினது என்று கேட்காத மாதிரி. 2020இல் டெல் ப்ரெத்தே இறந்தார். 2025 அக்டோபரில் செனேசேயும் இறந்தார்.

யாருக்குப் பேச உரிமை என்று கேட்டுத்தான் ஆரம்பித்தேன். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. பேசினவன், பேசி முடித்ததும் என்ன செய்தான்? பேச்சில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனானா, இல்லை இடத்தை விட்டுவைத்தானா? அந்த இடத்தில் இப்போது யார் நிற்கிறார்கள்? நாப்போலி சென்த்ராலே என்ற தட்டைக் கேட்கிறவர்கள் அந்த டிரம் சத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்டுப் பாருங்கள். சொல் வருகிற இடத்தில் அது ஒதுங்கும். சொல் நின்ற இடத்தில் அது முன்னேறி வரும். அந்தச் சொல்லை எழுதினவன் கைதான் அது. அதைப் பற்றி யாராவது பேச நேர்ந்தால் ரெண்டு பெயரையும் சொல்லுங்கள்.